மென்பொருள், மருத்துவக் கருவி, குழாய், பாராசூட்: காப்புரிமை உண்மையில் எதற்குக் கிடைக்கிறது?

கேள்வி: குழாய்க்காரன்

வணக்கம். எண்ணெய்க் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்கும் ஒரு சிறு குழுவில் வேலை செய்கிறேன். படித்தது மெக்கானிக்கல், இப்போது பெரும்பாலும் புரோகிராம் எழுதுகிறேன். குழாயில் ஓரிடம் உடைந்தால் அங்கே அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் அலையாக இரண்டு பக்கமும் ஓடும். அதன் வேகம், அந்தத் திரவத்தில் ஒலி போகும் வேகம். இரு முனைகளிலும் உள்ள சென்சார்களுக்கு அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து உடைப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். தொல்லை எங்கே என்றால், பம்ப் நின்றாலும் யாராவது வால்வைத் திருப்பினாலும் கிட்டத்தட்ட இதே அலை வரும். பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் அலாரத்தையே நம்பாமல் போய்விடுவார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு கணக்கீட்டு முறை உருவாக்கியிருக்கிறோம். நன்றாக வேலை செய்கிறது.

இதற்குக் காப்புரிமை வாங்கலாமா என்று கேட்டால் ஒருவர் மென்பொருளுக்குப் பேட்டன்ட்டே கிடையாது என்கிறார், இன்னொருவர் அமெரிக்காவில் எதற்கும் கிடைக்கும் என்கிறார். புதிதாக வெளியான காப்புரிமைகளின் பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். மென்பொருள், நோயாளிக் கண்காணிப்பு, குழாய் இணைப்பு, பாராசூட் என்று வரிசையாக வருகிறது. பாராசூட்டைக் கையில் தொட்டுப் பார்க்கலாம். கணக்கீட்டை எப்படித் தொடுவது? எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தானா? எங்கள் வேலை எந்தப் பக்கம் விழும்?

பதில்: திறந்தமூலன்

சுருக்கமாகச் சொல்கிறேன்: விட்டுவிடுங்கள். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, கம்ப்யூட்டர் புரோகிராம், அல்காரிதம் எல்லாவற்றையும் விலக்குகிறது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 52-ஆம் பிரிவும் அதே வழிதான்.

கிடைத்தாலும் அது நல்லதா என்பது வேறு கேள்வி. ஜிஃப் படங்களுக்குள் இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. உலகமே அந்தப் படங்களைப் பயன்படுத்தப் பழகிய பிறகு, 1994 கடைசியில், மென்பொருள் செய்பவர்களிடம் உரிமத்தொகை கேட்கும் விஷயம் வெளியே வந்தது. அதற்கு மாற்றாகத்தான் பிஎன்ஜி வடிவம் பிறந்தது. அமெரிக்கக் காப்புரிமை 2003-இல் காலாவதியாகும் வரை சிறு மென்பொருள் எழுதுபவர்கள் பயந்துகொண்டே இருந்தார்கள். இன்னொருவருடைய வேலையை நிறுத்துவதற்காக ஒரு கணக்கைப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில்: கிளைம் வாசகி

திறந்தமூலன் சொன்ன சட்டப்பிரிவுகள் சரி, அந்த வருத்தமும் நியாயமானது. ஆனால் விட்டுவிடுங்கள் என்ற முடிவு அவசரமானது. இரண்டு சட்டங்களும் விலக்குவது புரோகிராமை, அதுவும் வெறும் புரோகிராமாக மட்டும் நிற்கும்போது. அதன் வழியாக ஒரு தொழில்நுட்பச் சிக்கல் தீர்கிறது என்று காட்ட முடிந்தால் கதவு திறந்துதான் இருக்கிறது.

பல வருடங்களாக என் வேலையே பழைய காப்புரிமைகளைத் தேடிப் படிப்பதுதான். ஒரு ஆவணம் கைக்கு வந்தால் தலைப்பையும் சுருக்கத்தையும் தாண்டி, கிளைம் எனப்படும் உரிமைக்கோரல்களுக்கு நேரே போய்விடுவேன். காப்புரிமை எதற்கு என்பதை அந்த எண் போட்ட வாக்கியங்கள் மட்டுமே தீர்மானிக்கின்றன. முப்பது பக்கம் விளக்கம் எழுதியிருந்தாலும், கிளைமில் வராதது உங்கள் உரிமையில் வராது.

உங்கள் நிலைமைக்கு அச்சு அசலாகப் பொருந்தும் இரண்டு அமெரிக்க வழக்குகள் இருக்கின்றன. முதலாவது ஃப்ளூக், 1978. ஹைட்ரோகார்பனை வினையூக்கி வைத்து மாற்றும் ஆலையில் வெப்பமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப அலாரம் அடிக்க வேண்டிய எல்லையைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறைக்கு உரிமை கேட்டார்கள். கணக்கின் முடிவில் கிடைத்தது ஒரு புதிய எண், அவ்வளவுதான். அந்த எண் வந்த பிறகு ஆலையில் என்ன மாறுகிறது என்று கிளைமில் எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

அடுத்தது டியர், 1981. ரப்பரை அச்சுக்குள் வைத்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் தொழிலில் அச்சை எப்போது திறப்பது என்பதுதான் பெரிய தலைவலி. முன்னாலேயே திறந்தால் ரப்பர் பதமாகாது, தாமதித்தால் மிஞ்சிப்போகும். இவர்கள் அச்சுக்குள் இருக்கும் வெப்பத்தை இடைவிடாமல் அளந்து, வெப்பத்தைப் பொறுத்து வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாட்டில் போட்டு, நேரம் வந்ததும் கம்ப்யூட்டரே அச்சைத் திறக்கும்படி செய்தார்கள். சமன்பாடு பழையது, கம்ப்யூட்டரும் புதிதல்ல. ஆனாலும் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் இது காப்புரிமைக்குத் தகுதியானது என்றது. கேட்கப்பட்டது சமன்பாட்டுக்கு உரிமை அல்ல. ரப்பர் சரியான பதத்தில் வெளியே வரும் ஒரு தொழில்முறைக்கு உரிமை.

அதற்குப் பிறகு நிலைமை இறுகியிருக்கிறது. 2014 ஆலிஸ் தீர்ப்பு, ஒரு பொதுவான யோசனையைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதாகச் சொன்னால் மட்டும் போதாது என்றது. 2016-இல் எலெக்ட்ரிக் பவர் குரூப் வழக்கு இன்னும் உங்களுக்குப் பக்கத்தில் வருகிறது. மின்கட்டமைப்பின் பல இடங்களிலிருந்து தரவு சேகரித்து, அலசி, முடிவைத் திரையில் காட்டும் முறை அது. தள்ளுபடியானது. மறுவருடம் தாலெஸ் விஷனிக்ஸ் வழக்கில் முடிவு வேறு. நகரும் விமானத்துக்குள் இருக்கும் விமானியின் தலைக்கவசம் எப்படித் திரும்புகிறது என்று அறிய, ஒரு சென்சாரைக் கவசத்திலும் இன்னொன்றை விமானத்திலும் வைத்து, விமானத்தையே அளவுச் சட்டமாகக் கொண்டு கணக்குப் போட்டார்கள். சென்சார்களை வைத்த விதமே வழக்கத்துக்கு மாறானது, அதனால் அளவின் பிழை குறைந்தது. ஏற்கப்பட்டது.

எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகவே படுகிறது. அர்ஹீனியஸ் சமன்பாடு யாருக்கும் சொந்தமாகக் கூடாது. அதைக் கொண்டு ரப்பர் அச்சைச் சரியான நொடியில் திறக்க ஒரு வழி கண்டவருக்குச் சில வருடம் உரிமை கொடுப்பதில் தவறில்லை, அதுவும் அந்த வழியை எல்லோரும் படிக்கும்படி எழுதிக் கொடுத்த பிறகு.

குழாய் என்று பேச்சு வந்ததால் எரிக் உட் பற்றிச் சொல்ல வேண்டும். 1971-இல் லண்டனில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாயைத் தோண்டி எடுக்காமலே சீரமைத்தவர். இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசின் ஊறிய ஃபெல்ட் துணிக்குழலை உள்ளே செலுத்தி, அது சுவரோடு ஒட்டி இறுகும்படி செய்தால், பழைய குழாய்க்குள் ஒரு புதுக் குழாய் உருவாகிவிடும். அமெரிக்கக் காப்புரிமை 1977-இல் வந்தது. ஆனால் நீண்ட சண்டை நடந்தது இந்த மூல யோசனைக்காக இல்லை, பக்கத்து வேலை ஒன்றுக்காக. அத்தனை நீளத் துணிக்குழலில் காற்றுக்குமிழி இல்லாமல் ரெசினை ஊற வைப்பது எப்படி? முன்பெல்லாம் குழலின் அந்தக் கோடியிலிருந்து காற்றை உறிஞ்சினார்கள், அதற்குப் பெரிய கம்ப்ரஸர் தேவைப்பட்டது. உட்டின் நிறுவனமான இன்சிட்டுஃபார்ம், குழலின் வெளிப்படலத்தில் சிறு துளை வெட்டி, ரெசினுக்குச் சற்று முன்னால் ஒரு வெற்றிடக் கிண்ணத்தை வைத்து உறிஞ்சியது. ரெசின் அங்கே வந்ததும் துளையை மூடிவிட்டுக் கிண்ணத்தை அடுத்த துளைக்கு நகர்த்துவார்கள். கெட்டிக்கார வேலை.

கிளைமை எழுதிய விதத்தில் ஒரே ஒரு கிண்ணம்தான் அடங்கியது. போட்டி நிறுவனம் பல கிண்ணங்களை வைத்து அதே வேலையைச் செய்தது. 1990-இல் தொடங்கிய வழக்கு 2004 வரை இழுத்தது. நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளைமின் நேர்ப்பொருள் ஒற்றைக் கிண்ணம்தான் என்று சொல்லிவிட்டது. கடைசியில், பல கிண்ணம் வைத்தாலும் அது அதற்குச் சமமான முறைதான் என்று காப்புரிமை வைத்திருந்தவர் பக்கம் தீர்ந்தது. ஒன்றோ அதற்கு மேற்பட்டோ என்று முதலிலேயே கிளைமில் இருந்திருந்தால், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதனால் குழாய்க்காரன், உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. உங்கள் கணக்கு முடிந்த பிறகு என்ன நடக்கிறது? திரையில் ஒரு எச்சரிக்கை மட்டுமா, இல்லை குழாயில் ஏதாவது மாறுகிறதா? சென்சார்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பதில்: வார்டு டெக்னீஷியன்

மருத்துவக் கருவிகள் பக்கத்திலிருந்து கொஞ்சம். நான் பழுது பார்க்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அதன் மூலக் கருத்தைக் கண்டவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த டகுவோ அயோயாகி. அவர் தேடியது ஆக்ஸிஜனை அல்ல. ரத்தத்தில் சாயம் கலந்து, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்தக் கோட்டில் அலையலையாக ஏறிக் குழப்பியது. இரண்டு அலைநீள ஒளிகளை வைத்து அந்த அலைகளை ஒன்றுக்கொன்று கழித்துப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறும்போதெல்லாம் கழித்தல் கெட்டுப்போனது. தொந்தரவு என்று நினைத்த அந்தத் துடிப்புக்குள்தான் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு இருக்கிறது என்று அப்போது பிடித்துக்கொண்டார். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் தோல், எலும்பு, சிரை எல்லாம் கணக்கிலிருந்து தானாகக் கழன்றுவிடும்.

நிஹான் கோடன் 1974 மார்ச் கடைசியில் விண்ணப்பித்தது. தனியாக அதே கருத்துக்கு வந்திருந்த மினோல்டா ஏப்ரலில் விண்ணப்பித்தது. நடுவில் ஒரு மாதம்கூட இல்லை!

கிளைம் வாசகி சொன்ன எல்லை எங்கள் துறையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2012 மேயோ வழக்கில், தியோபியூரின் மருந்து சாப்பிடுபவரின் ரத்தத்தில் அதன் சிதைபொருள் இந்த அளவுக்குக் கீழே போனால் மருந்தைக் கூட்டலாம், மேலே போனால் குறைக்கலாம் என்று சொல்லும் முறைக்கு உரிமை கேட்டார்கள். அது உடலின் இயல்பான தொடர்பு, அதைச் சொல்வது கண்டுபிடிப்பாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சிகிச்சை முறைக்கே காப்புரிமை கிடையாது. கருவிக்கு உண்டு. ஒரு மருத்துவர் நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது, இந்த முறையைக் கையாள அனுமதி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய நிலை வரவே கூடாது. இதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

பதில்: ரிக்கர்

பாராசூட் என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். மடிப்பதும் சோதிப்பதும் என் தொழில்.

தொட்டுப் பார்க்கக்கூடியது என்பதால் எளிது என்று நினைக்காதீர்கள். டொமினா ஜால்பெர்ட் 1964-இல் விண்ணப்பித்து 1966-இல் பெற்ற காப்புரிமைதான் இன்று நாங்கள் பறக்கும் சதுரப் பாராசூட்டுகளுக்கு மூலம். துணியால் ஆன அறைகள் பக்கம் பக்கமாக, முன்பக்கம் திறந்து. ஓட்டத்தில் காற்று உள்ளே புகுந்து அடைபட்டு, துணியே இறக்கையாக விறைக்கும். தொட்டால் வெறும் துணி. அவர் உரிமை கேட்டது அந்த அமைப்புக்கும் அதில் காற்று செய்யும் வேலைக்கும்.

எனக்கு இன்னும் நெருக்கமானது பில் பூத் 1970-களில் கொண்டுவந்த மூன்று வளைய விடுவிப்பு. முதன்மைப் பாராசூட் சிக்கிவிட்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ரிசர்வ் எனப்படும் மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். முழு எடையும் தொங்கும்போது கழற்ற வேண்டும், அதுவும் சுழன்றுகொண்டே. பெரிய வளையத்துக்குள் நடு வளையம் புகுந்து மடியும், அதற்குள் சிறிய வளையம், அதன் மேல் ஒரு சிறு கயிற்றுக் கண்ணி, கண்ணிக்குள் ஒரு கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி பாரத்தைக் குறைத்துக் கொடுப்பதால் கடைசிக் கண்ணியில் மிகச் சிறிய விசைதான் நிற்கும். கேபிளை உருவினால் மூன்றும் சரசரவென்று புரண்டு விடுபடும். வளையத்தின் அளவோ தையலின் இடமோ கொஞ்சம் பிசகினாலும் உருவுவதற்கு வேண்டிய விசை ஏறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் வளையங்களின் வரிசையைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையாலும் தடவிப் பார்க்கிறேன்.

மென்பொருளா பொருளா என்ற உங்கள் குழப்பத்துக்கு எங்களிடமே ஒரு விடை இருக்கிறது. ஜெர்மனியின் ஹெல்முட் குளோத் 1991-இல் கொண்டுவந்த சைப்ரஸ் என்ற தானியங்கிக் கருவி. ரிசர்வ் பைக்குள் ஒரு சிறு கணினி காற்றழுத்தத்தை அளந்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகளுக்கான வகையில், சுமார் 225 மீட்டர் உயரத்தில் இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றுக் கண்ணியை ஒரு சிறு வெட்டி அறுத்துவிடும். பழைய கருவிகள் ரிசர்வ் பையைப் பூட்டி நிற்கும் முள்ளை இழுத்தன, இது கண்ணியை வெட்டியது. முள்ளை அது தொடுவதே இல்லை என்பதால், குதிப்பவர் கையால் திறக்கும் வழிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. மயங்கிப் போனவர்கள் இதனால் உயிரோடு தரையிறங்கியிருக்கிறார்கள். கணக்கு, பிறகு வெட்டு. வெட்டு இல்லாவிட்டால் அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை.

குழாய்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. மேடம் கேட்டதற்குப் பதில்.

எச்சரிக்கை திரையில் வருகிறது. ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு சென்சார்கள், சில மீட்டர் இடைவெளியில். எது முதலில் அலையைப் பார்க்கிறது என்பதை வைத்து, அலை குழாய்ப் பக்கமிருந்து வருகிறதா பம்ப் பக்கமிருந்தா என்று தெரியும். இது தவிர, ரிக்கர் எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது ஒன்று. கசிவின் இடம் தெரிந்ததும் இடையில் இருக்கும் வால்வுகளை மூடுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடினால் ஓடிவரும் எண்ணெய் முட்டி, அழுத்தம் எகிறி, ஏற்கெனவே பலவீனமான இடம் இன்னும் கிழியும். அதனால் இடத்தைப் பொறுத்து எந்த வால்வு முதலில், எவ்வளவு மெதுவாக என்று வரிசை போட்டு மூடுகிறோம். மூடும்போது வரும் அழுத்தத்தைப் பார்த்து வேகத்தைத் திருத்தவும் செய்கிறோம். இதை நாங்கள் கண்டுபிடிப்பாகவே நினைக்கவில்லை, பாதுகாப்பு ஏற்பாடு என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

ஒரு மாநாட்டில் அடுத்து கட்டுரை வாசிக்கப் போகிறோம். அதில் எல்லாமே வருகிறது. பரவாயில்லையா?

கிளைம் வாசகி

கட்டுரையை முதலில் நிறுத்துங்கள். விண்ணப்பம் பதிவான பிறகு தாராளமாக வாசிக்கலாம். ஆர்எஸ்ஏ மறையாக்கத்துக்கு நடந்தது இதுதான். 1977 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அது வெளியாகிவிட்டது, விண்ணப்பம் டிசம்பரில் போனது. அமெரிக்கச் சட்டம் வெளியீட்டுக்குப் பின் ஒரு வருடம் அவகாசம் தருவதால் அங்கே மட்டும் காப்புரிமை கிடைத்தது. மற்ற நாடுகளில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஐரோப்பாவில் உங்கள் சொந்தக் கட்டுரையே உங்களுக்கு எதிரான சான்றாகும்.

இரண்டு சென்சார் வைத்து அலையின் திசை பார்ப்பது ஏற்கெனவே தெரிந்த உத்தி. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பொய் அலாரத்தைக் குறைக்கும் கணக்கு, திரையோடு நின்றால், ஃப்ளூக் வழக்கின் அலாரம் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆனால் வால்வு வரிசை வேறு விஷயம்! அங்கே குழாயில் ஓடும் எண்ணெய் வேறு விதமாக நடந்துகொள்கிறது, அழுத்த எகிறல் குறைகிறது, அதை மீட்டரில் காட்டலாம். ரப்பர் அச்சு திறப்பதற்கு இது மிக நெருக்கம். நீங்கள் ஒதுக்கி வைத்த இடத்தில்தான் முதல் கிளைம் இருக்கிறது என்று நினைக்கிறேன். திசை பார்ப்பதும் பிரித்தறிவதும் அதன் கீழே சார்பு கிளைம்களாக, அதாவது முதல் கிளைமோடு கூடுதல் விவரம் சேர்ப்பவையாக, வரட்டும்.

இதற்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெநெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். சொற்களை வைத்துத் தேடினால் பாதி தப்பிப்போகும், ஒருவர் கசிவு என்பதை இன்னொருவர் இழப்பு என்று எழுதியிருப்பார். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். குழாய்க் கசிவுக்கு எஃப்17டி 5/02, அழுத்த எகிறலைத் தணிப்பதற்கு எஃப்16எல் 55/04-ம் அதன் கீழ் வருபவையும். இரண்டிலும் சேர்ந்து விழும் ஆவணங்களை முதலில் படியுங்கள். பாராசூட்டுக்கு பி64டி 17, ஆக்ஸிமீட்டர் மாதிரி ஒளியால் ரத்தத்தை அளப்பவற்றுக்கு ஏ61பி 5/1455. வேறு துறைக்காரர்கள் அளவீட்டையும் செயலையும் எப்படிச் சேர்த்துக் கிளைம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க இவற்றையும் புரட்டுங்கள்.

திறந்தமூலனின் கவலைக்கும் ஒரு வார்த்தை. காலாவதியான காப்புரிமையை யாரும் எடுத்துச் செய்யலாம், எந்த அனுமதியும் வேண்டாம். உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். நாடு நாடாகத்தான் செல்லும், விண்ணப்பிக்காத நாட்டில் முதல் நாளிலிருந்தே அது பொதுச்சொத்து. பூட்டி வைக்க விருப்பமில்லை என்றால், குழாய்க்காரன், கட்டுரையை அப்படியே வெளியிட்டுவிடுங்கள். அதன் பிறகு வேறு எவரும் அதற்கு உரிமை கேட்க முடியாது. அதுவும் மதிக்கத்தக்க முடிவுதான், தெரிந்து எடுத்தால்.

விண்ணப்பிப்பதாக இருந்தால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழுமையானதைக் கொடுக்க 12 மாதம் இருக்கும். மற்ற நாடுகளுக்கும் அதே 12 மாதம். தற்காலிகம்தானே என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள், அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. வால்வு எத்தனை இருக்கலாம், மூடும் வேகத்தை எப்படித் தேர்கிறீர்கள், அழுத்தம் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துகிறீர்கள், ஒரு வால்வு வேலை செய்யாவிட்டால் என்ன செய்கிறீர்கள் எல்லாம் எழுதுங்கள். நீங்கள் இப்போது பயன்படுத்தாத மாற்று வழிகளையும் சேருங்கள். முடிந்ததும் ஒரு காப்புரிமை முகவரிடம் கொண்டுபோங்கள். முதல் சந்திப்பிலேயே வால்வு வரிசையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள், மென்பொருளைப் பற்றி அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.